லைசென்ஸும் ஓர் அமானிதமே



நாணய மாற்றுத் தொழிலில் இருக்கும் நம்மவர் இருவர் சந்தித்தால் ஒரு முறைப்பாடு தவறாமல் எழுகிறது. "அத்தா காலத்தில் வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்தது. இப்போது அடையாள அட்டையைக் கேள், பணம் எங்கிருந்து வந்தது என்று கேள், எழுதி வை என்கிறார்கள். நாம் வியாபாரம் பார்ப்பதா, எழுத்து வேலை பார்ப்பதா?" என்கிறார்கள்.

காலியர் கீக்கும் ராபிள்ஸ் பிளேசுக்கும் நடுவே சேஞ்ச் அலி என்றொரு சந்து இருந்தது. 1989ல் அது மூடப்பட்டது. கப்பலிலிருந்து இறங்குபவர்களுக்கு நம் முன்னோர் அங்கே நாணயம் மாற்றிக் கொடுத்து, நாணயஸ்தர் என்று பெயரும் எடுத்தார்கள். 1979ல் நாணய மாற்றுக்கும் பணம் அனுப்பும் தொழிலுக்கும் சிங்கப்பூரில் தனிச் சட்டம் வந்தது. அதை மாற்றி 2019ல் நிறைவேறிய புதிய சட்டம் 2020 ஜனவரி 28 முதல் அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் இத்தொழில் செய்யும் தனிநபருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மலேசியச் சகோதரர்களுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

எழுதுவது நமக்குப் புதிய சுமையா? திருமறையின் ஆக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அது தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. பகராச் சூராவின் 282ஆம் வசனம். எழுதுகிறவர் நீதமாக எழுதவேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது என்றெல்லாம் அல்லாஹ் அதில் விவரிக்கிறான்.

ஓதத் தெரிந்த சகோதரர் ஒருவர் உடனே மறுக்கலாம். "அதே வசனத்தில், கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் இருக்கிறதே. நாணய மாற்று கைக்குக் கை நடப்பதுதானே?" என்பார். நல்ல கேள்வி. எழுதாவிட்டால் குற்றமில்லை என்பது சலுகை. எழுதாதே என்ற கட்டளையன்று. ஊரை ஆளுகிறவர்கள் ஆகுமான ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி, அதை ஏற்றுக் கையெழுத்திட்டு லைசென்ஸ் வாங்கிய பிறகு அந்தச் சலுகையைக் காட்டித் தப்ப வழியில்லை. கொடுத்த வாக்குறுதிகளை நிறைவேற்றச் சொல்லியே மாயிதாச் சூரா ஆரம்பமாகிறது.

இங்கே ஒன்றைப் பட்டவர்த்தனமாகச் சொல்லவேண்டும். நாணய மாற்று லைசென்ஸ் நாணயம் மாற்றுவதற்கு மட்டுமே. ஊருக்குப் பணம் அனுப்ப வேறு லைசென்ஸ் வேண்டும். முன்னால் மாற்று விலைப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "இங்கே கொடுங்கள், நாளை மறுநாள் உங்கள் அம்மா கையில் ரூபாய் இருக்கும்" என்று பின்னால் உண்டியல் நடத்துவது அமானித மோசடி. உதவிதானே செய்கிறோம் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லலாம். அந்த ஏழைத் தொழிலாளியின் மாதச் சம்பளம் வழியில் மாயமானால் அவர் எந்தக் கச்சேரியில் முறையிடுவார்? ரசீதே இல்லையே! நாணயத்துக்கு நாணயம் மாற்றும்போது அந்த இடத்திலேயே கைமாற வேண்டும் என்பது நபிமொழி வகுத்த சட்டம் என்பதையும் மறக்கவேண்டாம். தவணை வைத்து மாற்றுகிறவர்கள் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

பணத்தின் மூலத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு என்கிறார்கள் சிலர். எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று மறுமையில் கேட்கப்படாமல் எவருடைய பாதமும் நகராது என்று நபி பெருமானார் (ஸல்) எச்சரித்தார்கள். போதை மருந்து விற்ற பணமும், வயோதிகரை ஏமாற்றிப் பறித்த பணமும் சுத்தப் பணம்போல வேஷம் போட்டுக்கொண்டு நம் கல்லாவைத் தேடித்தான் வருகின்றன. சந்தேகம் தட்டினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவித்ததை அந்த ஆளிடம் சொல்லவும் கூடாது. வந்தவர் நம் ஊர்க்காரராக, உறவுக்காரராக இருந்தால்தான் நெஞ்சு தடுமாறுகிறது. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது நிஸாச் சூராவின் 135ஆம் வசனம்.

இத்தனையும் சொன்னதால் சிறு கடைக்காரரின் கஷ்டம் நமக்குத் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். தனியாளாகக் கடை நடத்துகிறவருக்கு எழுத்து வேலை பாரம்தான். அதைச் சொல்லவேண்டிய காலம் ஒன்று இருக்கிறது. புதிய சட்டத்துக்கு முன்பு, 2016லும் 2017லும், சிங்கப்பூர் நாணய ஆணையம் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. உஹது யுத்தத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். தங்கள் சொந்த எண்ணம் மதீனாவுக்குள்ளேயே இருப்பதாக இருந்தும் பெரும்பாலோர் சொன்னபடி வெளியே புறப்பட்டார்கள். தன் பேச்சு எடுபடவில்லை என்று முந்நூறு பேரோடு பாதி வழியில் திரும்பியவன் இப்னு உபை. கேட்கும்போது வாய் திறக்காமலிருந்து, முடிவான பிறகு டீக்கடையில் குமுறுவது நம்மிடம் பழகிப்போன குணம்.

விதிகள் இனியும் திருத்தப்படும். அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறதே என்று ஒதுக்கி வைக்காதீர்கள். படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். எந்த விதி சிறு கடைக்குத் தாங்காது, ஏன் தாங்காது என்பதைக் கடைக் கணக்கைக் காட்டி, கடைசித் தேதிக்கு முன்பே எழுதிக் கொடுப்போம்.