மச்சம் விட்ட தட்டில்



சாம்பல் புதனுக்குப் பின் வரும் முதல் வெள்ளி இது. எசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தை இப்போது கேட்டோம். சாக்கு உடுத்தி, சாம்பலில் படுத்து, நாணலைப்போலத் தலை குனிந்து நோன்பிருந்த சனத்தைப் பார்த்து ஆண்டவர் சினக்கிறார். நோன்பு நாளிலும் கூலியாளைப் பிழிகிறீர்கள், சண்டை பிடிக்கிறீர்கள், இதையா நான் கேட்டேன் என்கிறார். பசித்தவருக்குச் சாப்பாடு கொடு, உன் சொந்தத்தைக் கண்டும் காணாமல் விடாதே என்று சொல்லித் தருகிறார்.

வழக்கமாக இந்த வாசகத்தை வைத்து ஊரிலுள்ள ஏழைகளைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற நோயாளியைப் பற்றிப் பேசுகிறேன். சீனி வியாதி, பிரஷர், தைரொயிட், மூட்டுவாதம் என்று ஏதோ ஒன்றுக்காகக் கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்கு நடக்கிறவர்கள் நம் பங்கில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தவக்காலம் பிறந்தால் முதல் ஆளாய் மச்சத்தை நிறுத்துகிறவர்களும் அவர்கள்தான். பாஸ்கா முடிந்து போய் நிறை பார்த்தால் கூடியிருக்கிறது, சீனியும் ஏறியிருக்கிறது. "நாற்பது நாளும் மரக்கறிதானே சுவாமி சாப்பிட்டேன், பிறகெப்படி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

முதலில் திருச்சபை என்ன கேட்கிறது என்று பார்ப்போம். சுத்தபோசன நாளில் இறைச்சியை விடச் சொல்கிறது. மீனை விடச் சொல்லவில்லை. அந்தக் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும் வரை. நோயாளியை இந்த இரண்டும் கட்டுவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கைப் பாருங்கள். நாற்கால் பிராணிகளின் இறைச்சியையே அவர்களுக்கு விலக்கியவர், உடம்பு மெலிந்த நோயாளிக்கு மட்டும் அதைக் கொடுக்க இடம் வைத்தார். நோயாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிசெய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை.

நம் கரையில் கதை வேறு. கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் மச்சம் என்றால் அதில் மீனும் அடக்கம், முட்டையும் அடக்கம். கடலால் பிழைக்கிற சனம் கடல் தந்ததை நாற்பது நாள் தொடாமல் இருப்பது லேசான காரியமில்லை. அந்தப் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். சிலர் நோய் கண்ட நாளிலேயே தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்து, ஆயுளுக்கும் மச்சத்தை விட்டவர்கள். ஆனால் மீன் போன இடத்தில் தட்டில் என்ன வந்தது என்று யாராவது பார்த்தோமா?

சோறு வந்தது. சாளையும் சூடையும் இருந்த இடத்தில் இன்னும் ஒரு அகப்பைச் சோறு. உருளைக்கிழங்குப் பால்கறி, பலாக்காய்க் கறி, பொரித்த அப்பளம், மோர்மிளகாய். காலையில் தேங்காய்ப்பூ போட்ட பிட்டும் சொதியும், இல்லாவிட்டால் பாணும் சீனிச்சம்பலும். நாம் இருப்பது தென்னை நாட்டில், ஆனபடியால் பாலில்லாமல் ஒரு கறியும் இறங்குவதில்லை. இத்தனையும் மரக்கறிதான், ஒன்றிலும் மச்சமில்லை. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. தேத்தண்ணிக்கு வாருங்கள்: ஒரு தேக்கரண்டி சீனி நாலு கிராம், கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 60 கிராம். அது 240 கலோரி, ஒரு கோப்பைச் சோற்றைவிடக் கூட. சீனி வியாதிக்காரர் இதைக் குடித்துக்கொண்டே மச்சத்தை விட்டேன் என்று ஆறுதல் அடைகிறார்.

தானியேல் நூலின் முதலாம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். பாபிலோன் அரண்மனையில் அரசன் கொடுத்த உணவையும் திராட்சை இரசத்தையும் மறுத்து, தானியேலும் மூன்று தோழர்களும் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் மட்டும் எடுத்தார்கள். 2011இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சடில்பேக் சபையின் போதகர் ரிக் வாரன், சபையாரின் நிறையையும் தன் நிறையையும் குறைக்க ஒரு திட்டம் தொடங்கி அதற்குத் 'தானியேல் திட்டம்' என்று பெயர் வைத்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும்: பத்து நாள் முடிவில் அந்த இளைஞர்கள் மற்ற எல்லாரையும்விடக் கொழுமையாக இருந்தார்கள் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. தானியேல் இளைக்கப் போகவில்லை. அந்நிய அரசனின் பந்தியில் தன் விசுவாசம் கரைந்துவிடக் கூடாது என்பதற்காக மறுத்தார். மரக்கறி உண்டால் உடம்பு மெலியும் என்று வேதத்தில் எங்கும் வாக்குறுதி இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதில்தான் நாம் கூடப் பாவம் செய்கிறோம். நோயாளிக்கு நிறை கூடுவது எப்போதும் வாயால் வருவதில்லை. மூட்டுவாதத்துக்கும் இழுப்புக்கும் நெடுநாள் கொடுக்கிற பிரெட்னிசொலோன் குளிசை பசியைத் தூண்டும், முகத்தை ஊதவைக்கும். இன்சுலினும் சில சீனிக் குளிசைகளும் நிறையைக் கூட்டும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படித்தான். தைரொயிட் குறைந்தால் உடம்பு தானாகவே கனக்கும். முழங்கால் நோவால் முற்றத்துக்கும் இறங்க முடியாதவருக்குச் சாப்பிட்டது எங்கே செலவாகும்? இது ஒன்றும் தெரியாமல், பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று "என்ன அக்கா, தவக்காலத்திலும் ஊதிக்கொண்டு போறீங்க" என்று பகிடி பண்ணுகிறோம். அந்த அக்கா அடுத்த ஞாயிறு பூசைக்கு வராமல் விடுகிறாள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்க் குளிசையை நிறுத்துகிறாள், அது அதைவிட மோசம். நெடுநாள் பிரெட்னிசொலோன் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரும். இன்சுலின் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி இறங்கி மயங்கி விழுவார். ஒருசந்தியை ஆண்டவர் இந்த விலைக்குக் கேட்கவில்லை.

சீராக்கின் ஞானம் 37ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வீட்டில் எடுத்து வாசியுங்கள். உன் உடம்பைச் சோதித்துப் பார், அதற்கு ஒத்துவராததைக் கொடுக்காதே, எல்லாம் எல்லாருக்கும் ஏற்றதில்லை என்ற கருத்து அங்கே இருக்கிறது. அதற்கு அடுத்த அதிகாரமே மருத்துவரை மதிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. நோயாளியின் தவமுயற்சிக்கு இந்த இரண்டு பகுதிகளும் போதும் என்று நான் நினைக்கிறேன்.

மீனைத் திரும்ப எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னால், தவக்காலம் என்று தயங்காமல் எடுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் வந்து அதைச் சொல்ல வேண்டியதில்லை. நேர்த்தி வைத்தவருக்கு மனம் கேட்காவிட்டால் பங்குச் சுவாமியிடம் பேசுங்கள். நேர்த்தியை வேறொரு நற்செயலாக மாற்றித் தர வழி இருக்கிறது. மரக்கறியிலேயே நிற்பேன் என்கிறவர்கள் நிற்கலாம், நன்றாகவும் வாழலாம். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பாசிப்பயறு, கௌபி, கடலை, பருப்பு, சோயா வையுங்கள். தட்டில் பாதி, கிழங்கு சேராத மரக்கறியாக இருக்கட்டும்: முருங்கையிலை, பொன்னாங்காணி, புடலங்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய். கல்பிட்டித் தோட்டங்களில் விளைகிறவை நம் சந்தைக்குத்தானே வருகின்றன. பாலைத் தண்ணியாக விடுங்கள், பொரியலை ஞாயிறுக்கு வையுங்கள். பி12 என்ற விற்றமின் செடிகொடிகளில் கிடைக்காது. மெற்ஃபோமின் குளிசை நெடுநாள் எடுப்பவருக்கு அது இன்னும் குறையக்கூடும். மச்சம் முழுதாய் விட்டவர்கள் இதைக் கிளினிக்கில் வாய்விட்டுக் கேட்கவேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு மட்டும் நான் சொன்ன பட்டியல் பொருந்தாது. கீரை, பருப்பு, இளநீர் மூன்றும் அவர்களுக்கு அளவாகவே ஆகும், சிலருக்கு ஆகவே ஆகாது. அவர்கள் டொக்டரின் அளவைத் தாண்டக் கூடாது.

உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கருவாட்டை விட்டவர் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் போனால் பிரஷர் இறங்காது, உடம்பு நீரைப் பிடித்துக்கொள்ளும். இருதய நோயுள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடி, கால் வீங்கி, படுக்க மூச்சு முட்டினால் அது கொழுப்பில்லை, நீர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எவ்வளவு நிறை சரி என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கென்று சொன்ன கணக்கின்படி, 150 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு ஏறக்குறைய 52 கிலோவிலேயே கவனம் தொடங்கவேண்டும். 62ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். எண்ணைத் தெரிந்து வையுங்கள். அதை வைத்து மனச்சாட்சியை அடிக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அது குறைந்ததுதான்.

இந்த மண்ணில் நடந்த ஒரு புனிதரை நினைப்போம். யோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோதே வயிற்றுளைவால் நொந்துபோயிருந்தார். பிறர் இரங்கிக் கொடுத்ததை உண்டு எழும்பினார். 1690இல் புத்தளம் வந்து இங்கே நம் முன்னோருக்குப் பணிசெய்தார். பிறகு கண்டியில் அம்மை பரவி, பெற்ற பிள்ளைகளையே விட்டு ஆட்கள் ஓடியபோது, அவர் நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அவர்களின் புண் கழுவினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய நோன்பு மற்றவரின் தட்டைக் கவனித்த நோன்பு.

சுகமாய் இருக்கிற பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் என் வேண்டுகோள் இது. அம்மாவுக்கென்று தனிக்கறி ஆக்கி அவரை ஒதுக்காதீர்கள். இந்த நாற்பது நாளும் சீனியைக் குறைத்த தேத்தண்ணியை, பால் குறைத்த சொதியை, பயறு கூடிய தட்டை வீடு முழுக்கச் சாப்பிடுங்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அவரோடு கடற்கரை வரைக்கும் மெதுவாக நடந்து வாருங்கள். மிஞ்சுகிற சீனிக் காசைத் தவக்கால உண்டியலில் போடுங்கள்.

நோன்பை நினைத்து மருந்தை நிறுத்தியவர் யாராவது இந்தக் கோவிலுக்குள் இருந்தால், சிலுவைப்பாதை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். நாளைக் காலையே கொப்பியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை நாளாய் நிறுத்தினேன் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.