ஓடுகிற வண்டி போதுமா?

பிரிட்டனில் காரை உதிரிகளாக வாங்கி வந்து, வீட்டுக் கராஜில் தாமே பூட்டிக்கொள்ளும் பழக்கம் நெடுநாளாக உண்டு. காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த ‘செவன்’ அதில் பேர்போனது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்குக் கிடையாது. அன்று பலரை ஸ்பேனர் பிடிக்க வைத்தது அதுதான். 1973இல் அந்த வரி போயிற்று. பழக்கம் போகவில்லை.

தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் இன்பம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின், பெயின்ட் என்று பேசித் தீராதவர்கள் பெட்ரோல் குழாய் என்றதும் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார்கள். பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்தால் கண்ணை உறுத்தும். பெட்ரோல் இணைப்பு கசிந்தால் ஆள் எரிந்து போவார்.

உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுவது பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு படர்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் குழாயின் அழுத்தம் கால் பார் அளவுதான். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அது சுமார் 3 பார். பழைய வண்டியில் சொட்டாக விழுந்தது இங்கே பீய்ச்சி அடிக்கும். 2021 முதல் பிரிட்டனின் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதைத் தாங்காத பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் கெட்டுப்போகும். வெளியே புதிதுபோலவே தோன்றும்.

குழாய் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையென்றால் ஓட்டத்தின் அதிர்வில் தகட்டின் விளிம்பு குழாயை அரித்துவிடும். புகைக் குழாயிலிருந்து அது விலகி ஓட வேண்டும். ஹோஸை வெட்டாத, விளிம்பு மடித்த கிளிப் வேண்டும். மோதினால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமலும் எஞ்சின் இனிமையாக ஓடும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ‘ஓடுகிறதே’ என்பதை ‘சரியாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும் மனம் காரில் மட்டும் அப்படிச் செய்வதில்லை. வீட்டு மின்கம்பியிலும், குடும்பக் கணக்கிலும், நாள்பட்ட நோயிலும் அதையேதான் செய்கிறது.

தொழிற்சாலையில் ஒருவர் பூட்டியதை இன்னொருவர் பார்க்கிறார். வீட்டில் பூட்டுபவரே சோதிப்பவர். சாலையில் இறங்குமுன் ஐ.வி.ஏ. என்னும் அரசுத் தேர்வு ஒன்று உண்டுதான். ஆனால் அந்தத் தேர்வாளர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. டேங்கின் மேற்புறத்திலும், இருக்கைகளுக்கு நடுவே ஓடும் மூடிய சுரங்கத்துக்குள்ளும் இருக்கும் இணைப்புகளைப் பூட்டியவர் மட்டுமே அறிவார்.

‘என் வண்டி, என் உயிர்’ என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. பக்கத்து இருக்கையில் உட்கார்பவர் கிளிப்பைப் பார்த்துவிட்டு ஏறுவதில்லை. கராஜ் பல வீடுகளில் படுக்கையறைக்குக் கீழேயே இருக்கிறது. நாளை அந்த வண்டியை வாங்கப்போகிறவர், இன்று அலுப்பில் நாம் விட்டுவைத்ததையும் சேர்த்தே விலைகொடுத்து வாங்குகிறார். அவரிடம் நாம் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே இந்த வேலையில் இறங்கியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஹோஸை எங்கே, எந்த ஆண்டில் போட்டீர்கள் என்று எழுதி வண்டியோடு வையுங்கள், விற்கும்போது கொடுத்துவிடுங்கள். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பாமல் பம்ப்பை மட்டும் ஓடவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இந்த வேலையில் கை வைக்காத ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் ஈரம் தட்டினாலும் அன்று எஞ்சினைக் கிளப்பாதீர்கள்.