50 காசுத் துணிச்சல் உனக்கு இருக்கிறதா?

அந்த நோட்டுப் புத்தகம் எங்கே?

பீரோவுக்குள்ளா? பழைய துணிகளுக்கு அடியிலா? இல்லை, யாருக்கும் காட்டாமல் போனுக்குள் பூட்டி வைத்திருக்கிறாயா?

எடு வெளியே!

"நாம எழுதுனா எவன் படிக்கப் போறான்?" என்கிறாய். ஜங்ஷன் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இதே வசனத்தை எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், தெரியுமா?

நானும் சொன்னவன்தான். ஏழு வருஷம் ஒரு நோட்டை ஒளித்து வைத்திருந்தேன். யாரிடமிருந்து ஒளித்தேன்? என்னைத் தேடி வந்திருக்கக்கூடிய மனிதர்களிடமிருந்து!

எவன் படிக்கப் போகிறான் என்றா கேட்டாய்? சொல்கிறேன், கேள்.

திருநெல்வேலி டவுன். சுடலைமாடன் கோயில் தெரு. அங்கே ஒரு வீட்டில் ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தார். பெயர் தி.க.சிவசங்கரன். தி.க.சி. என்றால் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சிற்றிதழா? படிப்பார். எந்த ஊரென்றே தெரியாத ஓர் ஊரிலிருந்து, யாரென்றே தெரியாத ஒரு பையன் கதை எழுதியிருக்கிறானா? அதையும் படிப்பார்.

கதை பிடித்துவிட்டால் அவ்வளவுதான். எடுப்பார் ஒரு கார்டை. நுணுக்கி நுணுக்கி எழுதுவார். தபால் பெட்டியில் போட்டுவிடுவார்.

அந்தக் கார்டு போய் விழுந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்! எழுதியதை வீட்டில்கூட ஒருத்தரும் படித்திருக்க மாட்டார்கள். திடீரென்று ஒரு மதியம், தபால்காரர் கையில் அவன் கதையைப் பற்றி நாலு வரி!

இதற்கு அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. 'தாமரை' இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தபோது இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். அந்தப் பொறுப்பு போன பிறகும் தேடினார். சென்னையில் சோவியத் செய்தித் துறை வேலை முடிந்து, ஊருக்குத் திரும்பி, வயது எண்பதைத் தாண்டிய பிறகும் கார்டு நிற்கவில்லை.

2014 மார்ச்சில் அவர் காலமானபோது 89 நிறைய ஒரு சில நாட்கள்தான் பாக்கி. தமிழ்நாடு முழுக்க எத்தனை பெட்டிகளில் அவருடைய கார்டுகள் பத்திரமாக இருக்கின்றனவோ, யார் எண்ணியது?

ஒன்றைக் கவனி. கார்டு யாருக்குப் போனது?

எழுதி அனுப்பியவனுக்குப் போனது! பீரோவுக்குள் இருந்த கதைக்கு தி.க.சி.யால்கூடக் கார்டு போட முடியவில்லை!

இப்போது சொல். தப்பு யார் மேல்? படிக்காத உலகத்தின் மேலா? காட்டாத உன் மேலா?

இன்னொருவரும் இருந்தார். தாமிரபரணிக் கரையில் ராஜவல்லிபுரத்துக்காரர், வல்லிக்கண்ணன். வாழ்க்கை முழுக்க எழுத்து. கல்யாணம் இல்லை, சொத்து சேர்க்கவில்லை. கடிதம் வந்தால் பதில் எழுதாமல் இருக்க மாட்டார்.

ராமச்சந்திரன் என்றொரு நெல்லை இளைஞர் அவருக்குப் பழக்கமானார். 'வண்ணநிலவன்' என்று பெயர் வைத்தார் வல்லிக்கண்ணன். அந்தப் பெயர்தான் 'கடல்புரத்தில்' நாவலின் அட்டையில் ஏறியது. பாளையங்கோட்டையின் ஒரு சின்னத் தெருவை 'ரெயினீஸ் ஐயர் தெரு' என்று இலக்கியத்தில் நிறுத்தியதும் அதே பெயர்தான். 1978-ல் 'அவள் அப்படித்தான்' படத்தில் வசனம் எழுதியவர்களில் ஒருவராகத் திரையிலும் வந்தது!

கதை எழுத உட்கார்ந்த அன்றைக்கு அவர் சினிமாவைக் கணக்குப் போட்டிருப்பாரா? "இவரைப் பிடித்தால் அவரைப் பிடிக்கலாம்" என்று கோடு கிழித்திருப்பாரா?

அப்படிக் கோடு கிழிக்கிற ஆட்களை எனக்கும் தெரியும். விசிட்டிங் கார்டு கத்தை கத்தையாக வைத்திருப்பார்கள். நல்லது கெட்டது என்றால் வந்து நிற்க ஓர் ஆள் இருக்காது.

"வயசாயிடுச்சே!" என்கிறாயா?

அடுத்த சாக்கு! சரி, இதற்கும் ஆள் இருக்கிறார்.

கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். ஏழெட்டு வகுப்போடு படிப்பை விட்ட ஒரு விவசாயி. இளவயதிலேயே காசநோய் வாட்டி எடுத்தது. பெயர் ராஜநாராயணன். நம் கி.ரா.!

அதே ஊரில் பிறந்த சிநேகிதர் கு.அழகிரிசாமி. அவர் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார், மலேயா போனார். இவர் இடைசெவலில் இருந்தார். நடுவில் ஓடியது என்ன? கடிதம்! அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பின்னாளில் கி.ரா.வே புத்தகமாகக் கொண்டுவந்தார்.

'சரஸ்வதி' இதழில் கி.ரா.வின் 'மாயமான்' கதை வந்தது 1958-ல். வயது முப்பத்தைந்தை ஒட்டி! "இனிமேல் என்ன இருக்கு" என்று உன் கூட்டாளிகள் பேச ஆரம்பிக்கிற வயது அது.

அவர் அப்படிப் பேசவில்லை. எழுதினார். கரிசல் காட்டுப் பேச்சை அப்படியே எழுதினார். வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தார்.

பிறகு என்ன நடந்தது? புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது! பட்டம் இல்லாத விவசாயியை, நாட்டார் வழக்காற்றியல் பணிக்கு, பேராசிரியர் என்று அழைத்து நாற்காலி போட்டது!

எந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் இந்த வேலை கிடைக்கும்? சொல் பார்ப்போம்!

1991-ல் சாகித்ய அகாதெமி விருது. 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமானபோது தமிழ்நாடு அரசின் மரியாதையோடு இடைசெவலில் இறுதிச் சடங்கு. போன இடமெல்லாம் சொந்தம். திரும்பிய இடம் பிறந்த மண்.

"தோத்துட்டா?" என்கிறாய் இப்போது. குரல் தாழ்ந்துவிட்டது. இதுதான் நிஜமான பயம். மற்றதெல்லாம் இதற்குப் போட்ட போர்வை.

தோற்பாய்! அனுப்பியது திரும்பி வரும். சிலது திரும்பிக்கூட வராது. அதனால் என்ன? செத்தா போவாய்?

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, 1931-ல் பி.ஏ. முடித்தார் விருத்தாசலம். அப்பா தாசில்தார், மகன் சர்க்கார் வேலைக்குப் போவான் என்று எதிர்பார்த்தார். அது வாய்க்கவில்லை. வீட்டோடு மனக்கசப்பு. ஊர்க் கணக்குப்படி உருப்படாத பிள்ளை!

அந்தப் பிள்ளை 1933-ல் 'காந்தி' பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பியது. 'குலோப்ஜான் காதல்'! தலைப்பைப் பார், வேலை தேடுகிறவன் வைக்கிற தலைப்பா இது?

பத்திரிகையை நடத்தியவர் தென்காசி டி.எஸ்.சொக்கலிங்கம். கட்டுரை வெளிவந்தது. பிறகு சொக்கலிங்கம் 'தினமணி' ஆசிரியர் ஆனார். விருத்தாசலமும் அங்கே உதவி ஆசிரியர். 1943-ல் சொக்கலிங்கம் 'தினமணி'யை விட்டு வெளியேறியபோது, விருத்தாசலமும் வேலையை உதறிவிட்டுக் கூடவே 'தினசரி'க்குப் போனார்.

பத்து வருஷத்துக்கு முன் தபாலில் போன ஒரு கட்டுரை! சோறு போடுகிற வேலையையே தூக்கி எறிய வைக்கிற உறவாக அது வளர்ந்து நிற்கும் என்று விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தனே நினைத்திருக்க மாட்டார்.

இனி என்ன சாக்கு மிச்சம்? நேரம் இல்லையா?

இருட்டுக்கடை வாசலில் கால் கிலோ அல்வாவுக்கு வரிசையில் நிற்க நேரம் இருக்கிறது! ஈரடுக்குப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்க நேரம் இருக்கிறது! நாலு வரி எழுத மட்டும் நேரம் இல்லையா?

எழுத்து எனக்கு வராது என்கிறாயா? எழுத்தாளன் ஆகு என்று உன்னிடம் யார் சொன்னது?

வயல் உழுகிறாயா? அதை எழுது. பத்தமடையில் பாய் நெய்கிறாயா? கோரையைக் கீறுகிற பக்குவத்தை எழுது. வங்கியில் வேலையா? எழுத்தாளர் வண்ணதாசனும் வங்கியில் வேலை பார்த்தவர்தான். தி.க.சி.யின் மகன். அப்பாவுக்கு 2000-ல் சாகித்ய அகாதெமி, மகனுக்கு 2016-ல். ஒரே வீட்டுக்கு இரண்டு!

அதுவும் வரவில்லையா? அப்படியானால் எழுதுகிறவனுக்கு எழுது! போன வாரம் எதையோ படித்துவிட்டு நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தாயே, எழுதியவனுக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? தி.க.சி. சொன்னார். ஆயிரம் சிநேகிதம் அவருக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

பாளையங்கோட்டைத் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போ. கார்டு 50 காசு. ஒன்று வாங்காதே, பத்து வாங்கு.

பேனாவைத் திற. முகவரி எழுதுகிற பக்கத்தைத் திருப்பு.

முதல் பெயர் யாருடையது?