கொடியை மூடும் மண்



திவ்விய பூசைக்கு உபயோகிக்கும் இரசம் கலப்பற்ற திராட்சைப்பழ இரசமாயிருக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். திராட்சையோ வெயிலை நாடும் கொடி. ஆயினும் பனி உறையும் தேசங்களிலும் அதைப் பயிரிடுகிறார்கள். அவர்கள் செய்யும் ஒரு வேலை, பிள்ளைகளைப் பெற்ற உங்களுக்குப் பயன்படும்.

கானடா தேசத்தில், ஒன்டாரியோ ஏரியின் வடகரையில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்றொரு பகுதி உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிக் குளிர் இறங்கினால் ஐரோப்பியத் திராட்சையின் மொட்டுகள் கருகத் தொடங்கும். ஆகையால் அங்குள்ள விவசாயிகள், குளிர்காலத்துக்கு முன்பே கொடிகளைத் தாழ வளைத்து மண்ணால் மூடிவிடுகிறார்கள். மண்ணின் வெதுவெதுப்பு கொடியைக் காக்கும். வசந்தம் வந்ததும் மண்ணை விலக்குகிறார்கள்.

எப்போது விலக்குவது? அதுதான் கடினம். முந்தினால், பின்பனி துளிர்களைக் கருக்கிவிடும். பிந்தினால், மொட்டுகள் மண்ணுக்குள்ளேயே அழுகும். அல்லது வெளிறி முளைத்து, தொட்டவுடன் ஒடியும்.

பிள்ளைகளை எவ்வளவு காலம் மூடி வைப்பது? "பட்டணத்துக்கு அனுப்பினால் கெட்டுப்போவான், சாமி" என்று வளர்ந்த மகனைக் கைக்குள்ளேயே வைத்திருக்கும் தாய் ஒருத்தி. பதினைந்து வயதுப் பையன் எங்கே போகிறான், யாரோடு சேர்கிறான் என்று கேளாத தகப்பன் ஒருவன். அவள் பிந்துகிறாள், இவன் முந்துகிறான். மூடுவது குற்றமல்ல, திறப்பதும் குற்றமல்ல. நாம் மூடுவது பிள்ளையின் நன்மைக்காகவா, நம் பயத்துக்காகவா? நாம் திறப்பது அவன் பக்குவத்தைக் கண்டா, நம் சோம்பலினாலா? இதையே மனச்சாட்சி கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பருவக் கடைசியில் எருவும் தண்ணீரும் மிஞ்சினால், கொடி முற்றாமல் பச்சையாகவே நிற்கும். அற்பக் குளிரிலும் செத்துப்போகும். கேட்டதெல்லாம் பெற்று, "வேண்டாம்" என்ற சொல்லையே கேளாமல் வளர்ந்த பிள்ளையும் அப்படித்தான். ஜெபம், சிறு ஒறுத்தல், வீட்டுவேலை, உண்மை பேசும் பழக்கம், இவையே அவனை முற்றச் செய்யும்.

எல்லாம் சரியாய்ச் செய்தும் சில வருஷங்களில் பின்பனி விழத்தான் செய்கிறது. அது விவசாயியின் பாவமல்ல. பிள்ளை வழிதவறி, இரவில் கண்ணீர் விடும் பெற்றோரே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். ஊதாரிப் பிள்ளையின் உவமையில் தகப்பன் மகனைக் கட்டிவைக்கவில்லை. ஆயினும் தூரத்தில் வரும்போதே அவனைக் கண்டுகொண்டான். கண்கள் வழியிலேயே இருந்தன போலும்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, "ஆண்டவரே, இவனை இன்னும் மூடவேண்டுமா, இனித் திறக்கவேண்டுமா?" என்று கேளுங்கள். கொடியை நட்டவர் அவரே. காலத்தை அறிந்தவரும் அவரே.