கோடு போடாத நிலம்

சென்ற மழைக்காலம் முடிந்ததும், மலையடிவாரத்தில் இருக்கும் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்றில் அலுவலக நண்பர்கள் இருவருடன் ஆடினேன். முழங்கால் உயரப் புல்லும், ஒரு புல்கூட இல்லாத சொட்டைத் தரையும் மாறிமாறி வந்தன. மழைத் தண்ணீர் அறுத்துப்போன பள்ளங்கள் ஃபேர்வேயின் குறுக்கே அப்படியே கிடந்தன.

நான்காம் குழிக்கு ஆடும்போது என் பந்து அப்படியொரு பள்ளத்தில் விழுந்தது. நண்பர்களின் பந்துகளும் மோசமான இடத்தில்தான் கிடந்தன. அவர்கள் ஷூ முனையால் பந்தைப் புல்லுக்குத் தள்ளிவிட்டு அடித்தார்கள். "நீங்களும் தள்ளிக்குங்க மேடம், சும்மா விளையாட்டுதானே" என்றார் ஒருவர். நான் தள்ளவில்லை. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்பது கோல்ஃபின் அடிப்படை விதி. ஓங்கி அடித்தேன். மட்டை கல்லில் மோதி மணிக்கட்டில் சுரீரென்று வலித்தது. பந்து இரண்டடி நகர்ந்தது. என் நேர்மையை இருவரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெருமைமேல் சந்தேகம் வந்தது. விதியை வளைக்க அவர்களுக்கு ஒரு நொடித் தயக்கமும் இல்லை. எனக்கு ஏன் முடியவில்லை? அவர்களைவிட நான் நல்லவள் என்பதால் அல்ல. ஏற்கெனவே 'லேடீஸ் டீ' என்று அவர்கள் அழைக்கும் இடத்திலிருந்து, சில கெஜம் முன்னால் நின்று தொடங்குகிறவள் நான். பந்தையும் தள்ளினால் 'சலுகை கேட்கிறாள்' என்ற பேச்சு வருமே என்ற பயம். கிடைத்த இடத்திலிருந்து ஆடு என்பது பெண்களுக்குப் புதிய விதியும் அல்ல. புகுந்த வீடு கரடுமுரடாக இருந்தால் பொறுத்துக்கொள். பொறுத்தால் அது குணம், விலகினால் அது குறை.

கோல்ஃப் விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதிய 13 விதிகளிலேயே, பந்தை அடிப்பதற்காகக் கல்லையும் எலும்பையும் அகற்றக் கூடாது என்று இருக்கிறது. அதற்கு ஒரு விலக்கும் இருக்கிறது. இன்றைய விதிகளில் 'கிரவுண்ட் அண்டர் ரிப்பேர்', அதாவது பழுதுபார்ப்பில் உள்ள நிலம், என்று ஒன்று உண்டு. அங்கே பந்து விழுந்தால் தண்டம் இல்லாமல் எடுத்து வெளியே போட்டு ஆடலாம். பராமரிப்பு ஊழியர்கள் வேலைக்காகத் தோண்டிய குழி தானாகவே இந்தக் கணக்கில் சேரும். யாரும் வேலையே செய்யாததால் உண்டான பள்ளம் சேராது. அதைக் கமிட்டி பார்த்து, பழுது என்று அறிவித்து, கோடு போட்டுக் காட்ட வேண்டும். அதுவரை அது ஆடுகிறவரின் துரதிர்ஷ்டம். தாங்க முடியாவிட்டால் ஓர் அடியைத் தண்டமாகக் கொடுத்து விலகலாம்.

ஆக, எது பழுது, எது விதி என்று பிரிப்பது கமிட்டியின் கை. அந்தக் கையில் பெண்கள் எத்தனை பேர்? 1754இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், நெடுங்காலம் இந்த விளையாட்டின் விதிகளை வகுத்த இடம். பெண்களை உறுப்பினராக்க அது 2014 செப்டம்பரில்தான் வாக்களித்தது.

பந்தை ரகசியமாகத் தள்ளினால் நான் மட்டும் தப்பிப்பேன். அடுத்து வருகிறவர் அதே பள்ளத்தில் விழுவார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாலும் பள்ளம் அங்கேயேதான் இருக்கும். கோடு போடச் சொல்லிக் கேட்பது ஒன்றுதான் எல்லோருக்குமான நேர்மை என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை போனபோது ஒன்பதாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா அரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். நிமிராமலேயே கேட்டுக்கொண்டார்.

"கோடு போட்டா நீங்க தள்ளி வெச்சு ஆடிக்குவீங்க. பள்ளத்த மூடறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? ஆறு பேரு செஞ்ச வேலைய இப்ப ரெண்டு பேரு செய்யறோமுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. 'பராமரிப்பு இல்லாத மைதானம்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் பராமரிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது, இரண்டு பெண்களின் முதுகில். ஆறு பேர் இருந்தபோது யாரும் அவர்களைக் கவனித்திருக்க மாட்டோம், துலக்கிய பாத்திரத்தில் துலக்கியவரைப் பார்க்காததுபோல. கோடு எனக்கு நிவாரணம் தரும். அவருக்கு அது எதையும் தராது.

கடிதத்தில் இரண்டையும் கேட்டேன்: கோடும், நிறுத்திய நான்கு பேரின் வேலையும். அடுத்த வாரமே சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டார்கள். ஆட்களைப் பற்றிப் பதில் இல்லை. இப்போது இரண்டாவது கடிதம் எழுதுகிறேன். முதல் கடிதத்தை நானாக எழுதினேன். இதை அந்த அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.