பட்டறிவும் திட்டமும் – ஓர் அறவியல் நோக்கு

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்பது தமிழர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனை முதலில் மொழிந்தவர் அடித்தவரா, அடிபட்டவரா என்று வினவுவோர் அரியர். பெண்கள் மீது அவர்தம் துணைவர் புரியும் வன்முறையைத் தடுக்க வகுக்கப்படும் திட்டங்கள் குறித்தும் இத்தகைய வினாவே எழுகின்றது. அவை யாருடைய அறிவினின்று பிறக்கின்றன?

இலங்கையில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய ஆய்வு, துணைவரைக் கொண்டிருந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் தம் வாழ்நாளில் அத்துணைவரின் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானமையைக் காட்டிற்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வாழ்க்கைத் துணைவர், முன்னாள் துணைவர், சேர்ந்து வாழ்வோர் முதலியோரை உள்ளடக்கி இயற்றப்பட்டது. மணமாகாது தனித்தனியே வாழும் காதலர் அதன் வரையறைக்குள் அடங்கவில்லை. வன்முறையின் முதற்படியோ பல வேளைகளில் அங்கேயே அமைந்துவிடுகின்றது. தோழியரோடு பழகுவதைத் தடுத்தல், கைப்பேசியைச் சோதித்தல், உடுக்கும் உடைக்குக் கட்டளையிடல் ஆகியன அன்பின் மிகுதி எனப் பெயர் பெறுகின்றன. அவ்வன்பு எக்கணத்தில் அச்சமாக மாறுகின்றது என்பதை, அதனுள் வாழும் இளம்பெண்ணே முதலில் அறிகின்றாள்.

இளையோருக்கு முதிர்ச்சி போதாது. திட்டமிடல் வல்லுநர் பணி என்பர் சிலர். வல்லுநர் அறிவு வேண்டற்பாலதே. ஆயினும் நோவுமிடத்தை நோயாளி கூறாவிடின் மருத்துவர் என் செய்வார்? 1995இல் உகண்டாவில் உருவான ‘ஸ்ரெப்பிங் ஸ்ரோன்ஸ்’ என்னும் பயிற்சித் திட்டம் இதற்கொரு வழி காட்டிற்று. இளம்பெண்கள், இளைஞர், மூத்த பெண்கள், மூத்த ஆண்கள் என நாற்குழுவினர் முதலில் தனித்தனியே கூடிப் பேசுவர், பின்னர் ஒன்றுகூடுவர். மூத்தோர் முன் சொல்லத் துணியாததை இளம்பெண் தன்னொத்தார் நடுவே சொல்ல இயலும்.

துன்புறுவோர் மீதே தடுக்கும் சுமையையும் ஏற்றுவது நீதியா என்பது இதனினும் வலிய மறுப்பாகும். 2008இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வொன்றில், அத்திட்டத்தில் பயின்ற ஆண்கள் தாம் புரியும் வன்முறை குறைந்ததாகத் தெரிவித்தனர். மாறவேண்டியது ஆணின் நடத்தையே. திட்டம் எவ்வாறு அமையவேண்டும் எனக் கூறுவது பெண்ணின் உரிமை. அடியாதிருப்பது ஆணின் கடமை. உரிமையை அளிப்பதாகக் கூறிக் கடமையை இடம்மாற்றுதல் அறமாகாது.

அவ்வுரிமையும் மெய்யானதாக இருத்தல் வேண்டும். முடிந்துவிட்ட திட்டத்திற்குத் தலையசைக்க இளம்பெண்களை அழைத்து ஆசனம் அளிப்பது பங்கேற்பாகாது. அவர்கள் ‘இது பயன்படாது’ என்றால் திட்டம் மாறவேண்டும். பெண்ணின் மறுப்பை மதிக்குமாறு ஆணுக்குக் கற்பிக்கப் புறப்படும் திட்டம், தானே அம்மறுப்பை மதியாதாயின், யாருக்கு எதனைக் கற்பிக்க வல்லது?