வாரியத்தில் பிரதேசத்துக்கு இடம்: பங்கா, பொறுப்பா?

அரசாங்க வாரியங்களுக்கு அங்கத்தினர்களை நியமிக்கையில் திறமையை மட்டும் பார்ப்பதா, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஓர் இடம் கொடுப்பதா? நம் நாட்டில் அடிக்கடி எழும் இக்கேள்வியை வியாபாரிகளாகிய நாமும் நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

1963 செப்டம்பர் 16ல் மலேசியா உருவானபோது, சபாவும் சரவாக்கும் சில உறுதிமொழிகளைப் பெற்றே அதில் சேர்ந்தன. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு இவ்விரண்டிலும் அடங்கும். அரசியல் சட்டத்தின் 108ஆவது விதிப்படி தேசிய நிதி மன்றத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. ஆனால் எல்லா வாரியங்களுக்கும் அவ்வித விதி இல்லை. வருமான வரி வாரியம் 1996ல் தொடங்கியது. அதில் சபா, சரவாக் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கும் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 2023ல்தான்.

"ஊரைப் பார்த்து ஆளை வைத்தால் தகுதி கெடும்" என்பார் சிலர். தகுதியற்றவரை வைத்தால் கெடும் என்பது மெய்யே. ஆனால் ஓரிடத்தின் நிலைமையை அறிந்திருப்பதும் ஒரு தகுதிதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கப்பல் விஷயத்தையே பாருங்கள். உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் உரிமையை நம் நாட்டுக் கப்பல்களுக்கே ஒதுக்கும் கொள்கை 1980ல் அமலுக்கு வந்தது. கிள்ளானிலிருந்து சரக்கு வரவழைக்கும் கோத்தா கினபாலு, கூச்சிங் வியாபாரிகள் கூலி ஏறுகிறதென்று பல ஆண்டுகள் முறையிட்டார்கள். 2017 ஜூன் முதல் தேதிதான் அப்பகுதிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. விலையேற்றத்துக்கு அக்கொள்கை ஒன்றே காரணமன்று. திரும்பும்போது கப்பலுக்குப் போதிய சரக்கு கிடைக்காததும் துறைமுகச் செலவும் காரணங்களே. இவற்றைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் யார்? அங்கேயே கடை வைத்துப் பற்று வரவு பார்ப்பவர் அல்லவா?

ஆனால் மறுபக்கமும் உண்டு. கிடைத்த இடத்தை "எங்கள் பங்கு" என்று எண்ணி, குத்தகையையும் வேலையையும் சொந்தக்காரர்களுக்கே வாங்கிக் கொடுப்பவர் பிரதிநிதி ஆகமாட்டார். பிரதேசத்தின் பெயரால் அமர்ந்து, தலைநகரிலேயே குடியிருந்து, ஊர்ப்பக்கம் எட்டிப் பாராதவரும் ஆகமாட்டார்.

கூட்டு வியாபாரத்தில் கிளைக்கடைப் பங்காளி என்ன செய்கிறார்? தம் ஊரில் எது விலைபோகும், எது தேங்கும் என்று மற்றவர்களுக்கு அறிவிக்கிறார். அதைக் கேளாத கூட்டு நஷ்டப்படும். அவரே முதல் முழுவதையும் தம் கிளைக்கு இழுத்தாலோ, கடையே மூழ்கும்.

ஆகவே பிரதேசத்துக்கு இடம் கொடுப்பது தயவன்று, நியாயம். அவ்விடத்தில் அமர்பவருக்கோ அது சொத்தன்று, அமானிதம். பேசும்போது அவர் தம் பிரதேசத்தின் குறையை மறைக்கலாகாது. முடிவு செய்யும்போது மற்றப் பிரதேசங்களின் உரிமையை மறக்கலாகாது. பல ஊர்க் கிளைகளை உடைய நம் சங்கங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.